அன்னூருக்கும் கடலுக்கும் என்னங்க சம்பந்தம்? வலையில் சிக்கும் குப்பையும் அதைக் கரை சேர்க்கும் மீனவர்களும்: முழு விவரம்

கோவை மாவட்டம் அன்னூரில் கடல் இல்லை. மேற்கே பாலக்காடு கணவாய் வழியாகப் போனாலும் நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணித்தால்தான் அரபிக்கடலைப் பார்க்க முடியும். கிழக்கே வங்கக்கடல் இன்னும் தூரம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்கே மத்தி, அயிலை, சங்கரா எல்லாம் கிடைக்கும். கேரளாவில் இருந்தும், ராமேஸ்வரம், தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கம் இருந்தும் ஐஸ் போட்ட பெட்டிகளில் உக்கடம் மொத்த மீன் மார்க்கெட்டுக்கு வரும் மீன்தான், அங்கிருந்து கோவையைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் பிரிகிறது.

மீன் கடல்ல இருந்து அன்னூருக்கு வருது, சரி. அன்னூர்ல இருந்து கடலுக்கு என்ன போகுது?

பிளாஸ்டிக் கவர், தண்ணி பாட்டில், தெர்மோகோல் துண்டு. எல்லாமே போய்ச் சேர்வதில்லை. ஆனால் போய்ச் சேர்வதைத் தினமும் கையால் தொட்டுப் பார்ப்பவர்கள் மீனவர்கள்தான். அந்தக் குப்பையை மறுபடி கடலில் வீசாமல் கரைக்குக் கொண்டுவர வைக்க முடியுமா என்பதுதான் இப்போது தமிழ்நாடு, கேரளா மட்டுமல்லாமல் உலகம் முழுக்கப் பல துறைமுகங்களில் நடக்கும் முயற்சி. யார் தொடங்கியது, எப்படி நடக்கிறது, எங்கே இடறுகிறது என்று விரிவாகப் பார்ப்போம்.

கொங்கு குப்பை எந்த வழியா கடலுக்குப் போகுது?

அன்னூர் வட்டாரத்தின் ஒரு பக்கம் கௌசிகா நதி. குருடிமலையில் தொடங்கி, கோவையின் வடக்குப் பகுதியைத் தொட்டுக்கொண்டு திருப்பூர் மாவட்டத்தில் நொய்யலில் சேரும். வருடத்தில் பெரும்பாலான நாள் காய்ந்து கிடக்கும் நதி என்பதால் பலருக்கு அது நதி என்றே தெரியாது. குப்பை கொட்ட வசதியான பள்ளம், அவ்வளவுதான். நொய்யல் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. அன்னூரில் இருந்து வடக்கே சிறுமுகை பக்கம் போனால் பவானி ஆறு. அதுவும் பவானிசாகர் வழியாக, பவானி கூடுதுறையில் காவிரியில்தான் சேர்கிறது.

அதற்கப்புறம் மாயனூர் கதவணை, முக்கொம்பு, கல்லணை. சாதாரண நாட்களில் குப்பையில் பெரும்பகுதி வழியிலேயே தங்கிவிடும். அணையில், மதகில், கருவேலம் புதரில் மாட்டிக்கொள்ளும். வெள்ளம் வரும்போதுதான் கணக்கு மாறுகிறது. காவிரியில் வரும் உபரி வெள்ளத்தை முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திருப்பி விடுவார்கள். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு கொள்ளிடம் மேலணையின் மதகுகளே உடைந்து போகும் அளவுக்குத் தண்ணீர் போனது நினைவிருக்கலாம். அப்படிப் போகும் தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கிக் கிடந்ததையும் சேர்த்து அடித்துக்கொண்டுதான் போகும். கொள்ளிடம் கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பது மயிலாடுதுறை மாவட்டம் பழையாறு மீன்பிடித் துறைமுகம். மேற்கே மலையடிவாரத்தில் பள்ளத்தில் போட்டது, கிழக்கே ஒருத்தர் வலையில் ஏறுவதற்கு வழி இதுதான்.

சங்க இலக்கியம் நிலத்தை முல்லை, நெய்தல் என்று பிரித்து வைத்தது. ஆற்றுத் தண்ணீருக்கு அந்தப் பிரிவினை தெரியாது.

கடல்ல மொத்தம் எவ்வளவு குப்பை?

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2021-ம் ஆண்டு அறிக்கை, ஆண்டுக்குச் சுமார் 1.1 கோடி டன் பிளாஸ்டிக் கடலில் சேர்வதாகச் சொல்கிறது. எதுவும் செய்யாமல் விட்டால் 2040-க்குள் இது கிட்டத்தட்ட மூன்று மடங்காகும் என்பது அந்த அறிக்கையின் எச்சரிக்கை.

இதில் பெரும்பகுதி தரையில் இருந்து போவது. ஆனால் மீன்பிடித் தொழிலில் இருந்தும் ஒரு பங்கு போகிறது. கிழிந்த வலை, அறுந்த கயிறு, மிதவை, தெர்மோகோல், ஆயில் கேன். பசிபிக் பெருங்கடலில் குப்பைத் தீவு என்று சொல்வார்களே, 2018-ல் வெளியான ஆய்வின்படி அங்கே மிதக்கும் பிளாஸ்டிக் எடையில் 46 சதவீதம் மீன்பிடி வலைகள். அது நடுக்கடல் கணக்கு. நம் கரையோரத்துக்கு அதே விகிதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த எண்ணை எடுத்துக்கொண்டு 'கடல் குப்பையில் பாதி மீனவர்களால்தான்' என்று சுற்றும் வாட்ஸ்அப் செய்திகள் தப்பு.

பேய் வலை என்றால் என்ன?

கடலில் தொலைந்த அல்லது கைவிடப்பட்ட வலைக்குத்தான் பேய் வலை என்று பெயர். வலைக்குச் சொந்தக்காரர் கரைக்குப் போய்விட்டார். ஆனால் வலை தன் வேலையை நிறுத்தவில்லை. மீன் மாட்டும், சாகும், அதைத் தின்ன நண்டு வரும், அதுவும் மாட்டும். ஆமையும் மாட்டும். பாக் நீரிணையில் 2022 செப்டம்பரில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசு பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. மூச்சு விட அடிக்கடி மேலே வரவேண்டிய கடற்பசுவுக்கு, வலையில் சிக்குவது என்றால் மூழ்கிச் சாவதுதான். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப் பாறைகளிலும் தொலைந்த வலைகள் போர்த்திக் கிடப்பதைத் தூத்துக்குடி ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

யாரும் வேண்டுமென்று வலையைத் தொலைப்பதில்லை. ஒரு செட் வலை என்பது ஒரு குடும்பத்தின் முதலீடு, பல வீடுகளில் அது வட்டிக்கு வாங்கிய கடன். கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டை மீனவர்கள் 'பார்' என்பார்கள். மீன் அதிகம் இருப்பதும் பாரைச் சுற்றித்தான், வலை மாட்டிக் கிழிவதும் பாரில்தான். விரித்து வைத்த செவுள் வலையை இழுவைப் படகு அறுத்துக்கொண்டு போகும். இரவில் கப்பல் குறுக்கே போகும். புயல் அடிக்கும். இப்படித் தொலைந்த வலைக்கு யாரும் நஷ்டஈடு கொடுப்பதில்லை. 'கடலை அசுத்தம் பண்றாங்க' என்ற பேச்சு மட்டும் மிஞ்சும்.

ஒரு காலத்தில் தொலைந்த வலை பிரச்சினையே இல்லை. பருத்தி நூலிலும் சணலிலும் பின்னிய வலைகள், மரப்பட்டைச் சாயத்தில் நனைத்துக் காயவைத்தாலும் சில காலத்தில் மக்கிப் போகும். 1950-களுக்குப் பிறகு நைலான் வந்தது. நம்மூரில் தங்கூசி என்று சொல்லும் ஒற்றை இழை நரம்பு வந்தது. மீன் கண்ணுக்குத் தெரியாது, தண்ணீரில் அழுகாது, கைக்கு லேசு. மீனவர்களுக்கு அது வரம். கடலுக்கு அடியில் கிடந்தால் பல பத்தாண்டுகள் அப்படியே கிடக்கும் என்பது பிறகுதான் புரிந்தது.

வலையில் வந்த குப்பையை ஏன் திரும்பக் கடல்லயே போடுறாங்க?

இந்தக் கேள்விக்கு நியாயமான பதில் இருக்கிறது. இழுவைப் படகின் மடியைத் தளத்தில் கொட்டும்போது மீனோடு பாட்டில், கவர், துணி, கயிறு எல்லாம் விழும். ஆட்கள் உட்கார்ந்து தரம் பிரிப்பார்கள். குப்பையைத் தனியாக எடுத்து வைக்க இடம் வேண்டும். பல நாள் தங்கல் போகும் படகில் ஐஸும் டீசலும் வலையும் போக மிச்சம் இருப்பது கால் வைக்கும் இடம்தான். அப்படியே கரைக்குக் கொண்டு வந்தாலும், போடத் துறைமுகத்தில் தொட்டி இருக்காது. இருந்தால் எடுக்க ஆள் வராது. ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் குவித்து வைத்தால் நாற்றம், யாராவது சண்டைக்கு வருவார்கள்.

பழைய இரும்புக் கடைக்காரரும் வாங்க மாட்டார். காய்ந்த பெட் பாட்டில் என்றால் கிலோவுக்கு விலை உண்டு. உப்புத் தண்ணீரில் ஊறி, சேறு ஒட்டி, ஈயக்குண்டும் கயிறும் பின்னிக் கிடக்கும் வலைத் துண்டைப் பிரிக்கும் கூலியே அதன் விலையைத் தாண்டிவிடும். வலையிலும் பல ரகம் இருக்கிறது. செவுள் வலை பெரும்பாலும் நைலான். இழுவை மடிக்கு ஹெச்.டி.பி.இ. பிளாஸ்டிக் நூல். கயிறு பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். இவற்றை ஒன்றாக உருக்க முடியாது, தனித்தனியாகப் பிரித்தால்தான் மறுசுழற்சி.

ஆக, குப்பையைக் கரைக்குக் கொண்டுவரும் மீனவருக்கு வேலையும் செலவும்தான் கூடும், வரவு கிடையாது. அதைத் திரும்பக் கடலில் போட ஒரு நொடி போதும். விழிப்புணர்வு இல்லை, விழிப்புணர்வு இல்லை என்று மேடையில் பேசுபவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

சட்டம் இருக்கத்தான் செய்கிறது. கப்பல்கள் கடலை அசுத்தப்படுத்துவதைத் தடுக்கும் மார்போல் உடன்படிக்கையின் ஐந்தாம் இணைப்பு 1988 டிசம்பர் 31 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி எந்தக் கப்பலோ படகோ கடலில் எங்குமே பிளாஸ்டிக்கைக் கொட்டக் கூடாது. துறைமுகங்கள் குப்பையை வாங்கி வைக்க வசதி செய்து தர வேண்டும் என்பதும் அதே உடன்படிக்கையில்தான் இருக்கிறது. முதல் பாதி எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது பாதிதான் மீன்பிடித் துறைமுகங்களில் காணாமல் போகிறது.

கொல்லத்தில் நடந்தது என்ன?

இந்தியாவில் இதை முதலில் பெரிய அளவில் செய்து காட்டியது கேரளா. 2017-ல் அப்போதைய மீன்வளத்துறை அமைச்சர் ஜே. மெர்சிக்குட்டி அம்மா 'சுசித்வ சாகரம்' (தூய்மையான கடல்) என்ற திட்டத்தைத் தொடங்கினார். இடம், கொல்லம் மாவட்டம் சக்திகுளங்கரை, நீண்டகரை துறைமுகங்கள்.

இந்த ஊர்களுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1950-களில் நார்வே நாட்டு உதவியோடு இந்தோ-நார்வே திட்டம் தொடங்கியது இங்கேதான். விசைப்படகும் நைலான் வலையும் இந்தியக் கடற்கரைக்குப் பரவ வழி செய்த ஊர்களில் இவையும் உண்டு. எங்கே புது வலை வந்து இறங்கியதோ, அங்கேயே அந்த வலையில் வரும் பிளாஸ்டிக்கைத் திருப்பிக் கொண்டுவரும் வேலையும் தொடங்கியது.

திட்டம் ரொம்ப எளிமையானது. விசைப்படகுகளுக்குப் பெரிய நைலான் பைகள் கொடுத்தார்கள். மடியில் வரும் பிளாஸ்டிக்கை அதில் போட வேண்டும். கரை வந்ததும் பையை இறக்கி வைக்க வேண்டும். அங்கிருந்து மீனவப் பெண்கள் குழு ஒன்று எடுத்துக்கொண்டு போய்க் கழுவி, காயவைத்து, தரம் பிரிக்கும். துறைமுகத்திலேயே வைத்த இயந்திரத்தில் போட்டுத் துண்டு துண்டாக அரைப்பார்கள். அந்தத் துண்டுகள் சாலை போடும் தாரோடு கலக்கப் போகும். முதல் 10 மாதத்தில் சுமார் 25 டன் பிளாஸ்டிக் இப்படிக் கரைக்கு வந்தது.

இது ஏன் ஓடியது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ஒரே துறை செய்யவில்லை. மீன்வளத்துறை, துறைமுகப் பொறியியல் துறை, மாநிலத்தின் சுசித்வ மிஷன், மீனவப் பெண்களுக்கான உதவி சங்கம், கடல்சார் பொருட்கள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தின் கீழ் இயங்கும் நெட்ஃபிஷ், இவற்றோடு படகு உரிமையாளர் சங்கம். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். சங்கம் ஒப்புக்கொண்டால் நூற்றுக்கணக்கான படகுகள் ஒரே நாளில் உள்ளே வரும். ஒவ்வொரு படகாகப் போய் விழிப்புணர்வுத் துண்டறிக்கை கொடுத்தால் அது வராது.

இரண்டாவது, குப்பை எங்கே போகும் என்பது முதல் நாளே முடிவாகியிருந்தது. கரையில் குவிந்து கிடக்கவில்லை. மூன்றாவது, கழுவிப் பிரிக்கும் வேலைக்குக் கூலி இருந்தது. படகில் இருந்து இறக்கும் வரை ஆண்கள் இலவசமாகச் செய்தார்கள், இறக்கிய பிறகு பெண்களுக்கு அது சம்பள வேலை.

பலவீனமும் அங்கேயேதான். மீனவரின் உழைப்பு இலவசம். அவருக்கு நேரடியாகக் கிடைப்பது, அடுத்த முறை மடியில் குப்பை கொஞ்சம் குறையும் என்ற நம்பிக்கை. சங்கத் தலைவர் மாறினால், பை கிழிந்து புதுப் பை வரத் தாமதமானால், அரவை இயந்திரம் பழுதாகி நின்றால் அந்த நம்பிக்கை மட்டும் திட்டத்தைத் தாங்காது. 2022-ல் கேரளா 'சுசித்வ சாகரம், சுந்தர தீரம்' என்ற பெயரில் 590 கி.மீ. கடற்கரை முழுவதற்கும் இதை விரிவாக்கியது.

தாரோடு பிளாஸ்டிக் கலக்கும் யோசனை நம்மூர்க்காரருடையதுதான். மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரி வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன் உருவாக்கிய முறை அது. சூடான ஜல்லி மேல் பிளாஸ்டிக் துண்டைத் தூவினால் அது உருகி ஜல்லியைப் போர்த்தும், பிறகு தார் நன்றாக ஒட்டும். 2002-லேயே சென்னை நுங்கம்பாக்கம் ஜம்புலிங்கம் தெருவில் இந்த முறையில் சாலை போட்டார்கள். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் எல்லா பிளாஸ்டிக்கும் சாலைக்குள் போகாது. கவருக்கும் மெல்லிய பிளாஸ்டிக்குக்கும் இது சரி. முழு வலைக்கு வேறு வழிதான் வேண்டும்.

தமிழ்நாட்டில் இப்போ என்ன நிலவரம்?

1,076 கி.மீ. கடற்கரை, 14 கடலோர மாவட்டங்கள், 600 அளவுக்கு மீனவக் கிராமங்கள். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்கு மாநிலத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம். இவை எல்லாம் கடைக்கும் வீட்டுக்குமானவை. கடலுக்குள் கிடப்பதற்கு என்று தனியாக எதுவும் இல்லாமல் இருந்தது.

அந்த இடத்தில்தான் 'நெய்தல் மீட்சி இயக்கம்' வருகிறது. உலக வங்கி உதவியோடு சுமார் 1,675 கோடி ரூபாய் மதிப்பில் கடலோர மீட்புக்காகத் தமிழ்நாடு அரசு எடுத்த திட்டம் இது. இதற்கு 'டி.என். ஷோர்' என்றும் பெயர். கடல் பிளாஸ்டிக்கைக் குறைப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. 2025-ல் சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மாநிலத்தின் முதல் பழைய வலை சேகரிப்பு மையம் திறக்கப்பட்டது. கிழிந்த, பயன்படாத வலைகளை மீனவர்களிடம் விலைக்கு வாங்கி மறுசுழற்சிக்கு அனுப்புவதுதான் இதன் வேலை. கொல்லத்தில் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது, அதாவது மீனவர் கைக்குக் காசு.

ஆனால் இது வேறு வகைக் குப்பை. காசிமேட்டு மையம் வாங்குவது கரையில் கிடக்கும் பழைய வலை, இனிமேல் கடலுக்குப் போகாமல் இருப்பதற்கான ஏற்பாடு. ஏற்கெனவே கடலில் கிடந்து மடியில் ஏறும் பாட்டிலுக்கும் கவருக்கும் அது பதில் இல்லை. இரண்டுமே வேண்டும்.

இன்னொரு விஷயம் வெளியூர்க்காரர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. சோழமண்டலக் கரையில் ஒவ்வொரு மீனவக் கிராமத்திலும் ஊர்ப் பஞ்சாயத்து இருக்கிறது. அரசு உள்ளாட்சி இல்லை, ஊர் தானே வைத்துக்கொண்ட அமைப்பு. எந்த வலை போடலாம், எது கூடாது, எந்த நாள் கடலுக்குப் போகக் கூடாது, மீறினால் என்ன அபராதம் எல்லாம் அங்கே முடிவாகும். சுருக்குமடி வலை பற்றிய சண்டைகளில் இந்தப் பஞ்சாயத்துகளின் பலம் என்ன என்று கடலூர், நாகை மாவட்ட அதிகாரிகளுக்கு நன்றாகவே தெரியும். துறைமுகம் இல்லாத, ஃபைபர் படகுகள் மணலில் ஏறி நிற்கும் சின்ன ஊர்களில் குப்பை விஷயத்தை நடத்தக்கூடிய ஒரே அமைப்பும் இதுதான். கல்லூரி மாணவர்கள் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு வந்து ஒருநாள் கடற்கரையைச் சுத்தம் செய்துவிட்டுப் போவது நல்லதுதான், மறுநாள் காலையில் அங்கே இருப்பவர் யார் என்பதுதான் கேள்வி.

மற்ற நாடுகள்ல எப்படி செய்றாங்க?

நெதர்லாந்தில் 2000-ம் ஆண்டு சோதனையாகத் தொடங்கிய 'குப்பைக்காக மீன்பிடித்தல்' முறை, வட கடலைச் சுற்றிய பல நாடுகளுக்குப் பரவியது. கொல்லம் மாதிரிதான். பை இலவசம், இறக்கி வைக்கக் கட்டணம் இல்லை, மீனவருக்குக் காசும் இல்லை. 2019-ல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே போட்டது: வலையில் தானாக வந்த குப்பையைத் துறைமுகத்தில் ஒப்படைக்க மீனவரிடம் தனியாகக் காசு வாங்கக் கூடாது.

தென்கொரியா வேறு வழி. 2003 முதல் அங்கே அரசு, மீனவர்கள் கொண்டுவரும் கடல் குப்பையைப் பையின் அளவுக்கு ஏற்பக் காசு கொடுத்து வாங்குகிறது. வாங்கும் விலை அதிகமானால் கரைக் குப்பையையே பையில் போட்டு எடுத்து வருவார்கள், குறைந்தால் யாரும் கொண்டுவர மாட்டார்கள். இதுதான் அந்த முறையின் தலைவலி. 2024 ஜனவரியில் தென்கொரியா இன்னொரு படி போனது. நண்டுக் கூடு வாங்கும்போதே அதன் விலையோடு ஒரு முன்பணம் சேர்த்து வாங்கி, பழைய கூட்டைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் தருகிறது.

கொங்குப் பக்கத்து வாசகர்களுக்கு இது புதுசு இல்லை. 2022 மே மாதம் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்ததே, அதேதான். காட்டில் யானைக் காலைக் குத்திய பாட்டில்கள் கடைக்குத் திரும்பி வரத் தொடங்கின. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் விரிவானது. வலைக்கும் அப்படி ஒரு முன்பணம் வைக்கலாமே என்று தோன்றும். ஆனால் ஏற்கெனவே கடனில் வலை வாங்குபவரிடம் இன்னும் கொஞ்சம் முன்பணம் கேட்பது எளிதல்ல. அந்தச் சுமையை வலை தயாரிக்கும் நிறுவனம் ஏற்றால்தான் நடக்கும்.

நார்வே 1980-களில் இருந்து ஆண்டுதோறும் கப்பல் அனுப்பித் தொலைந்த வலைகளைத் தேடி எடுக்கிறது. அங்கே வலை தொலைந்தால் எங்கே தொலைந்தது என்று மீனவர் சொல்லியாக வேண்டும். 2018-ல் உலக உணவு மற்றும் வேளாண் அமைப்பின் மீன்வளக் குழு, வலைகளில் சொந்தக்காரர் அடையாளம் போடுவதற்கான வழிகாட்டுதலை ஏற்றுக்கொண்டது. 'அடையாளம் போட்டா நம்மளையே பிடிப்பாங்களோ' என்ற பயம் மீனவர்களுக்கு வருவது இயல்பு. தொலைத்ததைச் சொன்னால் அபராதம் கிடையாது என்று முதலில் எழுதிக் கொடுத்தால்தான் அந்தப் பயம் போகும். மகாராஷ்டிராவில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. வலையில் மாட்டிய ஆமை, டால்ஃபின், திமிங்கலச் சுறா போன்றவற்றை வலையை வெட்டி விடுவிக்கும் மீனவருக்கு 25,000 ரூபாய் வரை இழப்பீடு தரும் திட்டம் 2018-ல் வந்தது. வெட்டிய வலைக்கு யார் காசு கொடுப்பது என்ற கேள்விக்கு அரசு நேராகப் பதில் சொன்னது அங்கேதான்.

மீனவர் போடாத குப்பைக்கு?

2021 மே மாதம் கொழும்புக்கு அருகே தீப்பிடித்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலில் இருந்து சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணை கடலில் கொட்டியது. மீன்பிடிக்கத் தடை விழுந்து இலங்கை மீனவர்கள் கரையில் உட்கார்ந்தார்கள். அந்த வழக்கில் 2025 ஜூலையில்தான் இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது.

நம்ம பக்கமும் நடந்தது. 2025 மே 25 அன்று கேரளக் கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் 640 கன்டெய்னர்களோடு மூழ்கியது. அதிலிருந்த பிளாஸ்டிக் குருணைகள் திருவனந்தபுரம் மட்டுமல்ல, கன்னியாகுமரி கரையிலும் ஒதுங்கின. பார்க்க ஜவ்வரிசி மாதிரி இருக்கும், மணலில் இருந்து சல்லடை போட்டுத்தான் பிரிக்க வேண்டும். கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மீனவர்களைக் கூட்டிச் சேர்த்துச் சுத்தம் செய்யலாம் என்பது எல்லாக் குப்பைக்கும் பொருந்தாது என்பதற்கு இதுதான் உதாரணம். இங்கே கூலியைக் கப்பல்காரர் கொடுக்க வேண்டும்.

சரி, அன்னூர்ல இருந்து என்ன பண்ண முடியும்?

முதலில் மீன் வரும் பெட்டி. தெர்மோகோல் பெட்டி மறுசுழற்சிக்கு ஆகாத சரக்கு, உடைந்தால் குருணையாகப் பறக்கும். மீன் கடைக்குப் பின்னால் பள்ளத்தில் கிடக்கும் உடைந்த பெட்டி அடுத்த மழையில் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கழுவித் திரும்ப அனுப்பக்கூடிய கெட்டி பிளாஸ்டிக் பெட்டிக்கு மாறுவது கடைக்காரரும் மொத்த வியாபாரியும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. மீன் வாங்கப் போகிறவர் தூக்குப் பாத்திரம் எடுத்துப் போகலாம். கறுப்பு கவரைக் கேட்டு வாங்கும் பழக்கம் தடை வந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும் போகவில்லை.

இரண்டாவது, குளம். 2024 ஆகஸ்ட் 17 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்த அத்திக்கடவு - அவினாசி திட்டத்தில், பவானி ஆற்று உபரி நீர் ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக 1,045 நீர்நிலைகளுக்குப் போகிறது. கடைசி நீரேற்று நிலையம் இருப்பது அன்னூரில். பல வருடம் காய்ந்து கிடந்த குளங்களில் தண்ணீர் நிற்கும்போது மீன் குத்தகையும் சேர்ந்து வரும். குத்தகை வந்தால் வலை வரும். கிழிந்த தங்கூசி வலையைக் கரை முள்ளில் போட்டுவிட்டுப் போனால் கடலில் ஆமைக்கு நடப்பது இங்கே நீர்க்காகத்துக்கும் கொக்குக்கும் நடக்கும். குத்தகை ஒப்பந்தத்திலேயே 'பழைய வலையைத் திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும்' என்று ஒரு வரி சேர்க்க ஊராட்சிக்குச் செலவு எதுவும் இல்லை. குப்பை குளத்தில் நிற்கும்போதே எடுத்தால், பழையாற்றுப் படகுக்காரருக்கு ஒரு வேலை குறையும்.

மூன்றாவது, சேர்ந்த பிளாஸ்டிக்கை வாங்குவது யார்? இங்கே கொங்கு மண்டலத்துக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. பெட் பாட்டிலை உருக்கி நூலாக்கித் துணி நெய்யும் ஆலைகள் கரூர், திருப்பூர் பக்கம் ஏற்கெனவே ஓடுகின்றன. பிரதமர் மோடி 2023 பிப்ரவரியில் நாடாளுமன்றத்துக்குப் போட்டுக்கொண்டு வந்த நீல நிற ஜாக்கெட் பழைய பாட்டிலில் செய்தது, அதன் துணி கரூரில் இருந்து போனது. நைலான் வலையையும் உருக்கித் திரும்ப நூலாக்க முடியும், வெளிநாடுகளில் அதில் தரைவிரிப்பும் நீச்சல் உடையும் செய்கிறார்கள். அதற்கு வேண்டியது கழுவி, ரகம் பிரித்த சரக்கு தொடர்ந்து வருவது. அந்தக் கழுவும், பிரிக்கும் வேலை துறைமுகத்திலேயே மீனவப் பெண்களுக்குக் கூலியோடு நடந்தால் ஆலைக்காரர் வாங்கத் தயங்கக் காரணம் இல்லை.

எப்போ சேகரிக்கணும்?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும். இந்த இரண்டு மாதத்தில்தான் படகுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், இன்ஜின் பிரிப்பார்கள், மரநிழலில் உட்கார்ந்து வலை பின்னுவார்கள். பழைய மடியை வெட்டி நல்ல துண்டை எடுத்துக்கொண்டு மீதியை ஒதுக்குவதும் அப்போதுதான். வருடத்தில் அதிகப் பழைய வலை ஒரே இடத்தில், காய்ந்த நிலையில் கிடைக்கும் காலம் அது. வருமானம் இல்லாத நாட்கள் என்பதால் கிலோவுக்குக் கிடைக்கும் சின்னக் காசுக்கும் மதிப்பு உண்டு. சேகரிப்பு வண்டி துறைமுகத்துக்கு வர வேண்டியது அப்போது. ஜூன் 15-ம் தேதி படகு கிளம்பிய பிறகு வந்தால், ஒதுக்கி வைத்த வலையில் பாதி எரிந்திருக்கும், மீதி முகத்துவாரத்தில் கிடக்கும்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரைக்கு மட்டும் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அங்கே வண்டி அனுப்ப வேண்டிய தேதியும் அதற்கேற்ப மாறும்.